நாலு சுத்து

நீங்கதானே சார் சென்னையிலேருந்து வர்றது? ஃபோட்டோவுல கண்ணாடி போட்டிருந்தீங்க, நேர்ல இல்ல, அதான் ரெண்டு நிமிஷம் தடுமாறிட்டேன். நான் கலியபெருமாள், கேஸ் ஸ்டேஷன்ல சீனியர் ஆபரேட்டர். டிரைவரோட மாமியாருக்கு உடம்பு முடியலைன்னு லீவு போட்டுட்டான், அதனால நானே ஜீப்பை எடுத்துட்டு வந்துட்டேன். அந்தப் பெட்டியைக் குடுங்க, பின்னால வச்சிடுறேன். வேணாமா? மடியிலயே வச்சுக்கிறீங்களா? சரி, உங்க இஷ்டம். அந்தம்மாவும் அப்படித்தான் மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு வந்தாங்க. இதே மாதிரி கறுப்புப் பெட்டிதான்.

எந்தம்மாவா? பெனிட்டா மேடம் சார். நாகர்கோயில் பக்கம். போன வருஷம் இந்தப் பைப்பு ஆட்டத்தை அளக்க வந்தவங்க. ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்களே. சொல்லலையா? அப்ப நான் சொல்றேன். முப்பது கிலோமீட்டர் போகணும், ரோடும் லட்சணமா இல்ல, மெதுவாத்தான் போக முடியும்.

என் மச்சினன் என்கிட்ட பேசி எட்டு மாசம் ஆச்சு சார். அதுக்குக் காரணம் அந்தம்மாதான்.

சிங்காரவேலுன்னு பேரு. என் வீட்டுக்காரி தைலாவோட கூடப்பிறந்த தம்பி. நான்தான் அவனை இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டாந்தேன். பதினோரு வருஷம் ஒரே ஷிஃப்டு, ஒரே டிபன் கேரியர். தைலா அவனுக்குன்னு தனியா ஒரு தட்டு வறுவல் வைப்பா, அதுல பாதியை நான் எடுத்துக்குவேன். ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. அத்தான் அத்தான்னு சுத்தி வருவான். இப்ப வீட்டுக்கு வந்தாக்கூட அக்காகிட்ட மட்டும் ரெண்டு வார்த்தை பேசிட்டு, நான் உள்ள நுழைஞ்சா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுறான். தைலாவும் இப்பெல்லாம் சோத்தைப் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிடுறா. நான் என்ன சார் தப்பு பண்ணேன்?

கொஞ்சம் புடிச்சுக்குங்க, இந்த மதகுல ஒரு பள்ளம் இருக்கு. ஆங், தாண்டியாச்சு.

உங்களுக்கு ஏழாம் நம்பர் கிணத்தைப் பத்திச் சொல்லிடுறேன். கேஸ் எடுக்குற கிணறு, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வயலுக்கு நடுவுல கிடக்கு. அங்கேருந்து பைப்பு தரைக்குள்ளயே வந்து, எங்க ஸ்டேஷன்ல வெளிய தலைகாட்டி, ஒரு வளைவு வளைஞ்சு மேல ஏறி டாங்கிக்குப் போகுது. அந்த வளைவைத்தான் நாங்க பெண்டுன்னு சொல்றது. வெறும் கேஸ் வந்தா பெண்டுக்கு ஒண்ணும் ஆகாது. வெறும் தண்ணி வந்தாலும் ஒண்ணும் ஆகாது. ரெண்டும் கலந்து வருது பாருங்க, அதான் வினை. கொஞ்ச நேரம் உஸ்ஸுன்னு காத்து மட்டும் போகும். அப்பாடான்னு இருக்கும். அந்த நேரம் பார்த்துப் பின்னாலேருந்து தண்ணி கட்டியா உருண்டு வந்து வளைவுல முட்டும். டம். மறுபடி உஸ்ஸு. மறுபடி டம். பைப்பு குளிர் காய்ச்சல்காரன் மாதிரி உதறும். உங்களுக்குத் தெரியாததா, இதையே படிச்சவங்க நீங்க. ஆனா பக்கத்துல நின்னு பார்க்கணும் சார். பல்லு கூசும். டீ கிளாஸைக் கீழ சிமெண்டு மேடையில வச்சா அதுவா நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போயிடும்.

அந்தப் பெண்டுல விரல் தண்டிக்கு ஒரு சின்னக் குழாய் வச்சு, அதும் தலையில பிரஷர் கேஜை மாட்டியிருக்கு. மணிக்கு ஒரு தடவை யாராவது போய் முள்ளு எங்க நிக்குதுன்னு பார்த்து எழுதணும். பெரிய பைப்பு ஒரு தடவை உதறினா இந்தச் சின்னக் குழாய் பத்துத் தடவை உதறும். சிங்காரத்துக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. "அத்தான், இது என்னைக்காவது ஒடிஞ்சு மூஞ்சியில அடிக்கப் போவுது"ன்னு தினம் சொல்லுவான். சொன்னதோட விட்டானா? பெண்டைச் சுத்திப் பத்தடி தள்ளி மஞ்சக் கயிறு கட்டிட்டான். ஒருத்தரும் உள்ள போகக்கூடாதுன்னான். அப்ப கேஜை எப்படிடா பார்க்கிறதுன்னு கேட்டா, மறுநாள் வேளாங்கண்ணித் திருவிழாவுல பொண்ணுக்கு வாங்கின பைனாகுலரைக் கொண்டாந்துட்டான். சிவப்பு கலர் பிளாஸ்டிக்கு சார். கயித்துக்கு இந்தாண்ட நின்னு அதைக் கண்ணுல வச்சுக்கிட்டு முள்ளைப் படிப்பான். நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அட்மிரல்னு பேரு வச்சோம். அவன் கண்டுக்கவே இல்ல.

அதோட நிக்காம ஆபீசுக்கு எழுதிப் போட்டான். ஒரு தடவை இல்ல, நாலு தடவை. முறையா மெஷின் வச்சு அளக்க ஆள் அனுப்புங்கன்னு. அதுல வந்தவங்கதான் பெனிட்டா மேடம்.

அவங்க வர்ற அன்னைக்குன்னு பார்த்து சிங்காரம் லீவு. பொண்ணுக்குக் காது குத்து. நானும் போயிருக்கணும், முறைக்கு முறை நான் நிக்க வேண்டிய இடம். ஆனா ஆபீஸ்லேருந்து ஆள் வர்றப்ப நான் இல்லாம எப்படி? தைலாவை மட்டும் அனுப்பி வச்சேன். "நீ எழுதிக் கேட்ட ஆளுக்காகத்தாண்டா நான் வரலை, கவலைப்படாத, நான் பார்த்துக்கிறேன்"னேன். "எல்லாத்தையும் அவங்ககிட்ட காட்டிடுங்க அத்தான்"னான். காட்டுறேன்னேன்.

நல்லாத்தான் கவனிச்சேன் சார். அதுல யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. முந்தின நாளே தரையெல்லாம் கழுவி விட்டோம், கைப்பிடிக்கெல்லாம் பெயிண்டு அடிச்சோம், ரெண்டு குலை இளநி இறக்கி வச்சோம். அவங்க வண்டி கிளம்பிடுச்சுன்னு ஃபோன் வந்ததும் ஜகபரு, அவன் எங்க ஜூனியர், வழக்கம் போலப் போய், ஏழாம் நம்பர் கிணத்துப் பைப்புக்கு ஸ்டேஷன்லயே இருக்கிற வால்வை நாலு சுத்து குறைச்சு வச்சுட்டான்.

அதுவா? அது ஒண்ணும் இல்ல சார். அது எங்க ஸ்டேஷன் வழக்கம். ஆறேழு வருஷம் முன்னாடி பெரிய ஆபீசர் ஒருத்தர் பார்வையிட வந்தாரு. கையில காபியோட பெண்டு பக்கத்துல நின்னு பேசிக்கிட்டிருக்காரு, தண்ணிக் கட்டி வந்து முட்டுச்சு. டம். காபி பூரா வெள்ளைச் சட்டையில. எங்க எட்டுப் பேரையும் வெயில்ல வரிசையா நிக்க வச்சு, "ஸ்டேஷன் நடத்துறீங்களா, மாட்டுக்கொட்டகை நடத்துறீங்களா"ன்னாரு. எனக்கு மானமே போச்சு. அதுக்கப்புறம் நானா ஒண்ணு கண்டுபுடிச்சேன். ஏழாம் நம்பர் வால்வை அரை மணி முன்னாடி நாலு சுத்து மூடிட்டா வர்ற ஓட்டம் கம்மியாயிடும், பைப்பு அப்படியே அடங்கிடும். மூணு சுத்து பத்தாது, அஞ்சு சுத்துன்னா ரொம்பக் குறைஞ்சு மீட்டர்ல தெரிஞ்சிடும். நாலுதான் கணக்கு. வந்தவங்க வண்டி கேட்டைத் தாண்டினதும் திறந்து விட்டுடுவோம். பொண்ணு பார்க்க வர்றப்ப பொண்ணுக்குத் தலை சீவி விடுறதில்லையா? அந்த மாதிரி. யாரையும் ஏமாத்துறதுக்கு இல்ல சார்.

என்ன நோட்டை எடுத்துட்டீங்க? ஆடுற வண்டியில எழுத்து கோணலா வருமே. சரி, எழுதுங்க.

அந்தம்மா காந்தம் வச்ச, ஆட்டத்தை அளக்கிற கருவியைப் பெண்டுல ஒட்ட வச்சாங்க, சின்னக் குழாயிலயும் ஒண்ணு ஒட்ட வச்சாங்க. மடியில கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு நாலு மணி நேரம் வெயில்ல உக்காந்திருந்தாங்க. இளநி குடுத்தேன், குடிச்சாங்க. ரெண்டு மூணு தடவை பைப்புல கையை வச்சு வச்சுப் பார்த்தாங்க. முகத்துல ஒரு சந்தேகம். "சார், நாலு லெட்டர் எழுதியிருக்காங்க, நான் என்னமோ பெரிசா எதிர்பார்த்து வந்தேன். எப்பவுமே இப்படித்தான் ஓடுதா?"ன்னு கேட்டாங்க. "எப்பவும் இப்படித்தான் மேடம்"னேன். வேற என்ன சொல்றது? வந்த ஆள்கிட்ட நம்ம ஸ்டேஷனை நாமளே மட்டமாச் சொல்றதா? "லெட்டர் எழுதினவர் இருக்காரா"ன்னாங்க. "அவன் கொஞ்சம் பயந்த சுபாவம் மேடம்"னேன். அவங்களும் சிரிச்சுட்டாங்க.

பத்து நாள்ல ரிப்போர்ட்டு வந்துச்சு. ஆட்டம் அளவுக்குள்ளதான் இருக்கு, ஆபத்தில்லைன்னு தெளிவா எழுதி, கீழ கையெழுத்து. நான் அதைப் பெரிசா ஒரு காப்பி எடுத்து சிங்காரத்துக்கிட்ட காட்டினேன். அவன் ரெண்டு தடவை படிச்சான். "மெஷின் வச்சு அளந்தாங்களா அத்தான்?"ன்னான். "நாலு மணி நேரம்டா, கண்ணால பார்த்தேன்"னேன். "அப்ப சரி, நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன் போலிருக்கு"ன்னு சொல்லிச் சிரிச்சான். மஞ்சக் கயித்தை நான்தான் என் கையால அவுத்தேன். பைனாகுலரை அவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்.

அதுக்கப்புறம் பத்தொம்பது நாள். நான் எண்ணி வச்சிருக்கேன் சார்.

காலையில பதினோரு மணி இருக்கும். நான் ரூம்ல இருந்தேன். "கேஜ் பார்த்துட்டு வந்துடுறேன் அத்தான், வந்து டீ குடிப்போம்"னு போனான். உஸ்ஸுன்னு காத்து போற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் டம். அந்த டம்முக்கு அப்புறம் வழக்கமா வர்ற உஸ்ஸு வரலை சார். அதுக்குப் பதிலா ஒரு கீச்சுச் சத்தம், காதைக் கிழிக்கிற மாதிரி. ஓடிப் போய்ப் பார்க்கிறேன், சின்னக் குழாய் வெல்டுல அறுந்து கேஜைக் காணோம். தண்ணியும் எண்ணெயும் கேஸுமா பீச்சி அடிக்குது. அவன் ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திக்கிட்டு மண்டி போட்டு உக்காந்திருக்கான். கத்தலை. அதுதான் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது, அவன் கத்தவே இல்ல. நெருப்புப் பிடிக்காதது எந்தச் சாமி புண்ணியமோ. ஜகபரு ஓடிப் போய் வால்வை மூடினான், நான் சிங்காரத்தைத் தூக்கிட்டு வந்தேன்.

இடது கண்ணு போயிடுச்சு. இடது காதும் பாதிதான். வலது கண்ணு தப்பிச்சுது.

இப்ப சொல்லுங்க சார், யாரு மேல தப்பு? அத்தனை மெஷினும் கம்ப்யூட்டரும் வச்சுக்கிட்டு, நாலு மணி நேரம் உக்காந்து, ஆபத்தில்லைன்னு எழுதிக் குடுத்தது யாரு? அவங்க எழுதலைன்னா கயித்தை அவுத்திருப்பேனா? அவன் உள்ள போயிருப்பானா? விசாரணையில நான் மறைக்காம சொன்னேன். மேடம் அளந்தாங்க, சரின்னாங்க, நாங்க நம்பினோம். "அளக்குறப்ப ஓட்டம் எப்படி இருந்துச்சு?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. "வழக்கம் போல"ன்னேன். வழக்கம் போலத்தானே சார் இருந்துச்சு, ஆள் வந்தா எப்படி வைப்போமோ அப்படி. அந்தம்மா எதிர்த்தாப்ல உக்காந்திருந்தாங்க. "என் கணக்கு எங்க தப்புச்சுன்னு எனக்கே தெரியலை"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. அழுதாங்க. வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னு கேள்வி. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா என் மச்சினன் கண்ணு திரும்ப வருமா?

ஆஸ்பத்திரியில பதினஞ்சு நாள் நான்தான் கூட இருந்தேன். தூக்கி உக்கார வச்சது, கஞ்சி ஊட்டினது எல்லாம் நான். நாலஞ்சு நாள் நல்லாத்தான் பேசினான். ஒரு நாள் மத்தியானம் ஊட்டிக்கிட்டிருக்கேன், கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, "அத்தான், அந்தம்மா அளக்க வந்தப்ப வால்வு எத்தனை சுத்து?"ன்னான். நான், "அதெல்லாம் இப்ப எதுக்குடா, சாப்பிடு"ன்னேன். வாயை மூடிக்கிட்டான். அன்னையிலேருந்து பேச்சில்ல. எட்டு மாசம். உடம்புக்கு முடியாதவன் என்னென்னமோ கேப்பான், அதுக்காகப் பேச்சை நிறுத்துவானா யாராவது? இதை நான் தைலாகிட்ட சொன்னப்ப அவளும் என்னையே ஒரு மாதிரி பார்த்தா.

தூரமில்ல சார், அந்தக் கருவேலங்காடு தாண்டினா நம்ம ஸ்டேஷன் தெரியும்.

இப்ப புதுப் பெண்டு போட்டிருக்கோம், நல்லா தடிமனா. கேஜும் புதுசு. ரெண்டு மாசம் சும்மா இருந்துச்சு, இப்ப மறுபடி ஆட ஆரம்பிச்சிருக்கு. ஒரு வாரமா கொஞ்சம் ஜாஸ்தி. அதான் உங்களை அனுப்பியிருக்காங்க. நான் ஒண்ணு வாய்விட்டுக் கேக்குறேன் சார், தப்பா நினைக்காதீங்க. சிங்காரம் இன்னிக்குத்தான் மறுபடி டூட்டிக்கு வர்றான். வேற இடம் தர்றோம்னாங்க, வேணாம், பழைய இடமே வேணும்னு கேட்டு வாங்கிட்டு வர்றான். அவன் எதிர்ல நீங்க ஒழுங்கா அளந்து, இதுக்கு இனிமே ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லணும். உங்க வாயால சொன்னா அவனுக்கு மனசு ஆறும். வந்து என்கிட்ட பேசுவான். எனக்கு வேற எதுவும் வேணாம் சார்.

இருங்க, ஃபோன் அடிக்குது. ஜகபருதான். வண்டியை ஓரமாப் போட்டுக்கிறேன்.

சொல்லுப்பா. ஆமா, சார் கூடத்தான் இருக்காரு, இன்னும் கால் மணியில வந்துடுவோம். குறைச்சு வச்சாச்சா? ஏன்? என்னது? யாரு விடலை? சிங்காரமா? வால்வுகிட்ட நின்னுக்கிட்டு அவன் என்ன பண்றான்? சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டா? அவனுக்கென்ன கிறுக்கா, ஆபீஸ்லேருந்து ஆள் வர்ற நேரத்துல. பெண்டு ரொம்ப ஆடுதா? அப்ப குறைக்கத்தானேப்பா வேணும். சரி, சரி, ஃபோனை அவன்கிட்ட குடு. என்கிட்ட பேச மாட்டான், தெரியும், நான் பேசுறதையாவது கேக்கட்டும், காதுல வை. வலது காதுல வை.

சிங்காரம், நான்தான். சார் வந்துக்கிட்டிருக்காரு. கையை எடுப்பா.

என்ன?

நாலு. வழக்கமா நாலுதானே.

ம்.

ஆமா. அன்னைக்கும் நாலுதான்.

ஆமா சிங்காரம். அவங்க இருந்த நாலு மணி நேரமும்.

கேக்குது. இருக்கேன். ஃபோனை வச்சிடாத.

சிங்காரம், ஜகபருகிட்ட சொல்லு. வால்வுல யாரும் கை வைக்க வேணாம், எப்படி ஓடுதோ அப்படியே ஓடட்டும். நீங்க எல்லாரும் பெண்டை விட்டுத் தள்ளி வாங்க. என் லாக்கர்ல அந்த மஞ்சக் கயிறு இருக்கு. எடுத்துக் கட்டச் சொல்லு. பத்தடி தள்ளி, நீ கட்டின இடத்துலயே.

வச்சுட்டான்.

பேசிட்டான் சார். எட்டு மாசம் கழிச்சு. ஆஸ்பத்திரியில கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டான். எத்தனை சுத்து அத்தான்னு. நான் நாலுன்னேன். அந்தம்மா வந்த அன்னைக்குமான்னான். ஆமான்னேன். அவ்வளவுதான். திட்டக்கூட இல்ல.

அந்தம்மா கேட்டாங்க சார், எப்பவுமே இப்படித்தானான்னு. வாயைத் திறந்து கேட்டாங்க.

நீங்க நோட்டுல எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். அடிக்க வேணாம். பெனிட்டா மேடம் நம்பர் உங்க ஆபீஸ்ல யாருகிட்டயாவது இருக்குமா? நான் அழிச்சுட்டேன். அவங்க கணக்கு தப்பலைன்னு நான்தானே சொல்லணும்.

சார், உங்களுக்கு ஜீப் ஓட்டத் தெரியுமா? மிச்சத்தை நீங்க ஓட்டுறீங்களா? பெட்டியை நான் வச்சுக்கிறேன், பத்திரமா வச்சுக்கிறேன். போற வழியிலேயே ஆபீசுக்கு ஃபோன் போட்டு அவங்க நம்பரைக் கேக்குறேன்.